நாய்க்குட்டி வளர்க்கப் போகிறீர்களா?

காங்கயம் சீமையில் ஒரு மாடு வாங்க வேண்டுமென்றால் எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது தெரியுமா? சுழி பார்க்கிறார்கள், பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்க்கிறார்கள். தாய் எப்படிப்பட்டது, எந்தப் பண்ணையத்தில் பிறந்தது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் இரண்டு நாள் யோசித்த பிறகுதான் கயிறு கை மாறுகிறது.

அதே வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேருகிற விதமோ முற்றிலும் வேறு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் புத்தகப் பையோடு அதையும் தூக்கிக்கொண்டு வருகிறான். அல்லது கோயம்புத்தூரிலிருந்து வரும் மாப்பிள்ளை ஓர் அட்டைப் பெட்டியிலே வைத்து இறக்கிவிடுகிறார். சுழியும் இல்லை, சோதனையும் இல்லை. "அடடா! என்ன அழகு!" என்ற ஒரு வார்த்தையிலே அதற்கு அந்த வீட்டில் குடியுரிமை கிடைத்துவிடுகிறது.

ஆறு மாதம் செல்கிறது. அழகு குறைந்து அமர்க்களம் அதிகமாகிறது. செருப்புகள் ஒற்றையாகின்றன. விருந்தாளிகள் வாசலோடு திரும்புகிறார்கள். அக்கம்பக்கத்தார் முறையிடுகிறார்கள். கடைசியில் ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் குட்டியை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு காட்டோரத்தில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். "எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அது எங்கே பிழைக்கிறது, எதைத் தின்று பிழைக்கிறது என்பதை அறிய விரும்புவோர் வெள்ளகோவில் பக்கத்துக் குடியானவர்களைக் கேட்க வேண்டும்.

வெள்ளகோவில் கற்பிக்கும் பாடம்

திருப்பூர் ஜில்லாவில், காங்கயத்திலிருந்து கரூருக்குச் செல்லும் சாலையில் இருப்பது வெள்ளகோவில். ஊருக்குள்ளே விசைத்தறியின் ஓசை. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கொறங்காடுகள். மழை குறைந்த அந்தப் பூமியில் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலத்துக்குத்தான் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கும் நெற்றுக்கும் அங்கங்கே வெள்வேல மரங்கள். வெள்ளாமை பொய்த்துப் போகும் வருஷங்களில் இவ்வூர்க் குடும்பங்களைத் தாங்குவது பட்டியிலுள்ள செம்மறி ஆடுகளே. பெண்ணின் கல்யாணத்துக்கும் பையனின் காலேஜுச் சம்பளத்துக்கும் அந்தப் பட்டிதான் பாங்கி.

அந்தப் பாங்கியில் சில வருஷங்களாகக் கொள்ளை நடந்து வருகிறது. 2024, 2025ஆம் வருஷங்களில் வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம் பகுதிகளிலிருந்து வந்த செய்திகளை வாசித்தவர்கள் இதை அறிவார்கள். இராத்திரியில் நாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்துவிடுகிறது. பசிக்கு ஓர் ஆட்டைத் தின்றுவிட்டுப் போவதோடு நிற்பதில்லை. மிரண்டு ஓடுவதையெல்லாம் துரத்தித் துரத்திக் கடித்துப் போடுகிறது. காலையில் பட்டிப் படலைத் திறப்பவர் காண்பது கழுத்தும் தொடையும் கிழிந்து கிடக்கும் ஆடுகளை! இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்திக் குடியானவர்கள் மறியல் செய்தார்கள். சர்க்காரும் நிவாரணம் அளிக்க முன்வந்தது. ஆனால் நஷ்ட ஈட்டுப் பணம் நாளைய ஆட்டைக் காப்பாற்றுமா?

ஆடு கடிக்கும் நாய்கள் எல்லாமே வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவை என்று நாம் சொல்லவில்லை. தெருவிலே பிறந்து தெருவிலே வளர்ந்தவை அநேகம். சாலையோரத்தில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவும் அவற்றை வளர்க்கிறது. எனினும் அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதில் நம் வீடுகளுக்கும் பங்கு உண்டு. வளர்க்கத் தெரியாமல் வளர்த்துக் கைவிடப்பட்ட ஒவ்வொரு குட்டியும், முக்கியமாக ஒவ்வொரு பெண் குட்டியும், ஒரு வருஷத்துக்குள் ஒரு கூட்டமாகிவிடுகிறது.

நாய்க்கும் பட்டிக்கும் இருந்த பழைய உறவு இதுவன்று. திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கால்நடைகளுக்காக நடந்த சண்டையில் மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனுடைய உருவம் அதிலே செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் பக்கத்தில் நிற்பது ஒரு நாய். அதற்குக் கோவிவன் என்று பெயர். அது இரண்டு கள்ளர்களைக் கடித்ததென்பதும் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. மந்தையைக் காத்த நாய்க்குப் பெயரும் உருவமும் கல்லிலே எழுதி வைத்த நாட்டில், மந்தையை அழிக்கும் நாய் எப்படித் தோன்றிற்று? நாயின் சுபாவம் மாறிவிடவில்லை. அதன் முதல் வருஷத்தில் மனிதர்கள் செய்யும் காரியங்களும் செய்யத் தவறும் காரியங்களுந்தான் காவலையும் களவையும் தீர்மானிக்கின்றன. ஆகையால் முதன்முதலாகக் குட்டி வளர்க்கப் புகும் குடும்பத்தார் அறிய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறோம்.

எந்தக் குட்டி?

முதலில் ஒரு கணக்கு. நன்றாகப் பேணப்படும் நாய் பத்து முதல் பதினான்கு வருஷம் வரை உயிர் வாழும். ஆறாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டுக் கொண்டுவரும் குட்டி, அவன் பட்டம் பெற்று உத்தியோகம் தேடி வெளியூர் போன பிறகும் வீட்டு வாசலில் படுத்திருக்கும். அப்பொழுது அதற்குச் சோறு வைக்கப் போகிறவர் பெரும்பாலும் அவனுடைய தாயார்தாம். ஆகவே குட்டியைக் கொண்டுவருவதற்கு முன் சம்மதம் பெற வேண்டியது அந்த அம்மாளிடம்!

அடுத்தபடி வயது. கண் விழித்த பத்தாம் நாளே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. இது பெரும் பிழை. குட்டி எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டும். தாய்ப்பாலுக்காக மட்டுமன்று. ஒன்றையொன்று கடித்து விளையாடும்பொழுதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்தைப் படிக்காமல் வந்த குட்டிக்குப் பின்னால் அதைக் கற்பிப்பது மிகவும் கடினம். மத்திய சர்க்கார் 2017இல் வகுத்த விதிகளும் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாதென்றே சொல்கின்றன.

ஜாதியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. பனிப் பிரதேசத்தில் சறுக்கு வண்டி இழுப்பதற்காக ஏற்பட்ட ஹஸ்கி நாயை, சித்திரை மாதத்து வெயிலில் வெள்ளகோவிலில் கட்டிப் போடுவது ஜீவகாருண்யம் ஆகாது. மூக்குச் சப்பையான பக் ஜாதிக்கு வெயிலில் மூச்சு விடுவதே பிரயாசை. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

நம் மண்ணின் ஜாதிகள் இல்லாமல் போகவில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் சொத்து. 2005இல் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தபால் தலைகளில் இராஜபாளையமும் இடம் பெற்றது. எனினும் சுதேசிப் பற்றிலும் நிதானம் வேண்டும். வெள்ளை வெளேரென்ற இராஜபாளையக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டிக்குப் பின்னாலிருந்து கை தட்டி, திரும்புகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்தும் வேட்டை ஜாதிகள். ஆடு மேயும் ஊரில் அவற்றை வளர்ப்பவர் உறுதியான மதில் இல்லாமல் வளர்க்கக் கூடாது.

முதன்முதல் நாய் வளர்ப்பவருக்கு நமது சிபாரிசு, தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாய்க்குட்டிதான். நம் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகிய உடம்பு அதற்கு. விலையும் இல்லை. தெருவில் ஒரு நாய் குறைந்த புண்ணியமும் உண்டு.

முதல் இரவு

வந்த அன்று இராத்திரி குட்டி அழும். அழாவிட்டால்தான் ஆச்சரியம். பிறந்த நாள் முதல் தாயின் சூட்டிலே தூங்கியது, திடீரென்று தனியே விடப்பட்டால் வேறென்ன செய்யும்? பலர் அதை மாட்டுக் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "அழுது ஓயட்டும்" என்கிறார்கள். ஓயத்தான் செய்யும், ஆனால் அதன் மனத்தில் அச்சம் குடியேறிவிடும். முதல் ஒரு வாரம் யாராவது ஒருவர் படுக்கும் இடத்துக்கு அருகில் சாக்கு விரித்து அதைப் படுக்க வைத்தால் போதும். தாய் படுத்திருந்த பழந்துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அதில் போடுவது கைகண்ட உபாயம்.

குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் கூடத் தூங்கும். இதைக் குழந்தைகளுக்கு முக்கியமாகச் சொல்லி வைக்க வேண்டும். தூங்குகிற குட்டியை எழுப்பாதே, சாப்பிடுகிற குட்டியைத் தொடாதே என்ற இரண்டு விதிகளையும் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் பாதிக் கடிகள் நடவாமலே போகும்.

வெளிக்குப் போகும் பழக்கத்தைப் பற்றியே வீடுகளில் அதிகக் கூச்சல் நடக்கிறது. இரகசியம் மிக எளியது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் ஆகிய மூன்று சமயங்களில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். போனால் தட்டிக் கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது. வீட்டிற்குள் அசுத்தம் செய்துவிட்டால் அதன் மூக்கை அதிலே தேய்ப்பது அறிவீனம். அதனால் குட்டி கற்பதெல்லாம் எஜமானரைக் கண்டால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான்.

என்ன கொடுப்பது, எதைத் தவிர்ப்பது?

மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. ஆறு மாதம் வரை மூன்று வேளை. பிறகு இரண்டு வேளை. வெறும் பால் சோற்றிலே குட்டி வளராது. பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலைத் தருகிறது. சோறு, கேழ்வரகுக் களி, கம்பங்களி இவற்றோடு வேக வைத்த முட்டையோ இறைச்சியோ சேர வேண்டும். காரமும் மசாலையும் கூடாது. எப்பொழுதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் சட்டியை நிழலில் வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை சில உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும். சாக்லேட் நஞ்சு. வேக வைத்த எலும்பு ஈட்டி போலப் பிளந்து குடலைக் குத்தும்.

வெள்ளகோவில் போன்ற ஊர்களுக்கென்றே உரிய எச்சரிக்கைகளும் உள்ளன. எண்ணெய் ஆலைகளும் கொப்பரைக் களங்களும் நிறைந்த பிரதேசம் அது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலும் கொப்பரையிலும் உண்டாகும் விஷம் நாயின் ஈரலை அழித்துவிடும். மாட்டுக்கு ஆகாததென்று ஒதுக்கியதை நாய்க்குப் போடாதீர்கள். அரிசி ஆலைகளில் வைக்கும் எலி மருந்தும், அதைத் தின்று செத்த எலியும் குட்டிக்கு யமன். இன்னொன்று தறிப்பட்டறையில் கிடக்கும் கழிவு நூல். பல் முளைக்கும் பருவத்தில் குட்டி அதை மென்று விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை எங்காவது சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ மலத் துவாரத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதீர்கள். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஊசியும் பூச்சி மருந்தும்

வயிற்றுப் பூச்சி தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆகையால் பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், மூன்று மாதத்துக்குப் பின் மாதம் ஒரு முறையும், ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். வயிறு மாத்திரம் பானை போல உப்பி, விலா எலும்பு தெரியும் குட்டியைக் கண்டு "நன்றாகத் தின்கிறது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது பூச்சிகள் தின்கிற தீனி!

பார்வோ என்ற இரத்தக் கழிச்சல் 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய வியாதி. ஊசி போடாத குட்டியை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். டிஸ்டெம்பர் அதனினும் பழைய சத்துரு. இவ்விரண்டுக்கும் சேர்ந்த தடுப்பூசியை ஆறு முதல் எட்டாவது வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறாவது வாரம் வரை போட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதில் பிரயோஜனம் குறைவு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையைத் தடுத்துவிடக் கூடும் என்பதே காரணம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெறிநோய்த் தடுப்பூசி. மூன்றாவது மாதத்தில் முதல் ஊசி; பிறகு வைத்தியர் சொல்லும் நாளில் மறு ஊசி; அதற்குமேல் வருஷம் தவறாமல். தென்னிந்தியாவில் நாய்க்கடிக்கு வைத்தியம் செய்வதற்கென 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அதற்கு முன்னால், கடிபட்டவர்கள் ஹிமாசலத்துக் கஸௌலி வரை ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து கிடைக்கிறது. இருந்தும் ஜனங்கள் இறக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அசிரத்தை ஒன்றே. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயால் வருவது. இறப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோயின் குறிகள் தோன்றிவிட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லையென்றே சொல்லலாம்.

ஆகையால், சொந்த நாய்க்குட்டியின் பல் பட்டாலும் சரி, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற பயம் இனி வேண்டாம். அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் நிறுத்தப்பட்டு 20 வருஷத்துக்கு மேலாகிறது. இப்பொழுது போடுவது கையிலே. அதுவும் நான்கைந்து தடவைதான். காயம் ஆழமாயிருந்தால் அதைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். வேண்டாமென்று வந்துவிடாதீர்கள்.

பழக்கும் வித்தை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நாம் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறோம். நாய்க்கு இந்தக் கணக்கு வருஷத்தில் இல்லை, வாரத்தில் இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைக்குந்தான் குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் பயமின்றிக் கண்டவற்றை ஆயுள் முழுவதும் சிநேக பாவத்துடன் ஏற்றுக்கொள்ளும். காணாதவற்றைக் கண்டு பின்னாளில் அஞ்சும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும் நாய்.

ஆகவே இந்தச் சில வாரங்களில் குட்டியை உலகத்துக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். குடை பிடித்தவர், தலைப்பாகை கட்டியவர், தடி ஊன்றிய கிழவர், தவழும் குழந்தை, தபால்காரர், மோட்டார் வண்டி, தறியின் தடதடப்பு, குக்கரின் சீழ்க்கை யாவற்றையும் அது காணவும் கேட்கவும் வேண்டும். ஊசிகள் முடியும் வரை தெருவிலே இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டுவது உசிதம். கட்டிப் போட்டே வளர்த்தால் நாய்க்கு ரோஷம் வரும் என்று நினைக்கிறார்களே, அவர்கள் வளர்ப்பது காவல் நாயை அன்று. அவிழ்ந்துகொண்ட அன்று யாரைக் கடிக்குமென்று அவர்களுக்கே தெரியாத ஒரு பிராணியை.

அடி வேண்டவே வேண்டாம். "அடியாத மாடு பணியாது" என்பதை நாய்க்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். சொன்னதைச் செய்தால் அந்தக் கணமே ஒரு துண்டு தின்பண்டமோ அன்பான ஒரு வார்த்தையோ கிடைக்க வேண்டும். செய்யாவிட்டால் எதுவும் கிடைக்கக் கூடாது. பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். நான்கு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால் பற்கள் 28 விழுந்து, நிலையான பற்கள் 42 முளைக்கும். ஈறு குறுகுறுப்பதால் கண்டதையெல்லாம் கடிக்கும். செருப்பை எடுத்து மேலே வைத்துவிட்டு, கடிப்பதற்கென்று முறுக்கிய கயிற்றுத் துண்டு ஒன்றைக் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தமிழே பேசும் குடும்பத்தில் நாயிடம் மட்டும் இங்கிலீஷ் பேசுகிறார்கள்! "ஸிட்", "கம்", "கோ" என்று சொன்னால்தான் அதற்கு விளங்குமாம். நாய்க்கு எந்தப் பாஷையும் தாய்மொழியன்று. "உட்கார்", "வா", "விடு", "நில்" என்ற சொற்கள் அதற்குத் தாராளமாகப் போதும். வேண்டியது ஒன்றுதான். அப்பா "உட்கார்" என்றும், அம்மா "படு" என்றும், பிள்ளை "ஸிட்" என்றும் ஒரே காரியத்துக்கு மூன்று சொற்களைச் சொல்லிக் குழப்பக் கூடாது.

ஆடும் நாயும்

கொறங்காட்டுச் சீமையில் குட்டி வளர்ப்பவர்களுக்கு இது தலையாய பாடம். மூன்றாவது மாதத்துக்குள்ளேயே குட்டியைக் கயிற்றில் பிடித்து ஆடுகளின் அருகே அழைத்துப் போய், அமைதியாக இருந்தால் தட்டிக் கொடுத்துப் பழக்க வேண்டும். ஆட்டைத் துரத்துவது முதலில் விளையாட்டாகவே ஆரம்பிக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே அதற்குச் சம்மானம். மறுநாள் அது இன்னும் வேகமாகத் துரத்தும். மூன்றாம் நாள் பல் பதியும். இரத்தச் சுவை கண்டதனால்தான் நாய் கெட்டது என்பார்கள். துரத்திய சுவையிலேயே அது கெட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு. இத்தாலியில் மரெம்மா நாயும், நம் இமயமலைச் சாரலில் கத்தி நாயும் ஓநாய், சிறுத்தைகளிடமிருந்து மந்தையைக் காக்கின்றன. அவற்றின் குட்டிகள் மந்தையின் நடுவிலேயே வளர்கின்றன. ஆட்டைத் தம் குடும்பமாகவே எண்ணுகின்றன. வெள்ளகோவில் பட்டிகளில் நன்றாகப் பழக்கப்பட்ட நாட்டு நாயும் அந்நியர் வந்தால் குரைத்து வீட்டாரை எழுப்பும். ஆனால் பகலில் காவல் காத்த நாயை இராத்திரி அவிழ்த்து ஊர் சுற்ற விட்டால், அது தெருக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு அடுத்த தோட்டத்து வேலியைத் தாண்டும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இராத்திரியில் நாய் நம் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கிடா வெட்டும் வீடுகளில் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவது வழக்கம். ஆட்டின் உறுப்புகளிலிருக்கும் நீர்க்கட்டிகள் வழியாக நாயின் குடலில் ஒருவகைச் சிறு நாடாப்புழு உண்டாகிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் கையிலும் ஒட்டி, மறுபடி ஆட்டுக்கும், சில சமயம் மனிதருடைய ஈரலுக்கும் சென்று கட்டியாக வளர்கின்றன. எதைக் கொடுத்தாலும் வேக வைத்துக் கொடுங்கள். நாயைத் தொட்ட பிறகு கை கழுவாமல் குழந்தைகளைச் சாப்பிட விடாதீர்கள்.

பெண் குட்டி

பெண் குட்டி என்றால் ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள். ஊருக்கு வெளியே விடப்படும் குட்டிகளில் அதுதான் முதல். வீட்டோடு இருப்பதிலும், பழகுவதிலும், காவலிலும் அது ஆணுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. பயமெல்லாம் அது போடும் குட்டிகளை நினைத்து. பருவத்துக்கு வந்த பெண் நாய் சாதாரணமாக வருஷத்துக்கு இரண்டு முறை ஈடு கொள்ளும். கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகளும், அதற்கு மேலும் போடும். இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

பரிகாரம் கைவசம் இருக்கிறது. குட்டிக்கு ஆறு மாதமானதும் மிருக வைத்தியரைக் கலந்து கருத்தடைச் சிகிச்சை செய்துவிடலாம். அதனால் பின்னாளில் கருப்பையில் சீழ் கட்டும் அபாயமும் நீங்குகிறது. ஆண் நாய்க்கும் இது உண்டு. ஊர் சுற்றுவதும் சண்டைக்குப் போவதும் பெரும்பாலும் குறைகின்றன. "பாவமில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் வீசுவதையும், அவை வளர்ந்து அடுத்தவர் பட்டியில் புகுவதையும், அதற்காக அவற்றுக்கு விஷம் வைக்கப்படுவதையும் காட்டிலுமா இது பாவம்?

கொண்டுவருவதற்கு முன்

குட்டியைத் தூக்குவதற்கு முன், வீட்டார் ஒன்றுகூடிச் சில கேள்விகளுக்கு விடை கண்டுகொள்வது நல்லது. பத்து வருஷம் இதற்குச் சோறு வைக்கப் போகிறவர் யார்? தினம் இரண்டு வேளை வெளியே அழைத்துப் போகிறவர் யார்? கல்யாணத்துக்கும் யாத்திரைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் இதை யார் பார்ப்பார்கள்? இராத்திரி அடைத்து வைக்க மதிலோ கொட்டகையோ உண்டா? பக்கத்தில் மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார்? ஊர் நகராட்சியிலோ ஊராட்சியிலோ உரிமம் வாங்க வேண்டுமா என்பதையும் விசாரித்துவிட வேண்டும். இவற்றில் ஒன்றுக்காவது விடை கிடைக்காவிட்டால், குட்டியைப் பக்கத்து வீட்டிலே பார்த்து இரண்டு நிமிஷம் கொஞ்சிவிட்டுத் திரும்புவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

விடைகளெல்லாம் திருப்தியாயிருந்தும், பின்னால் உண்மையாகவே வைத்துக்கொள்ள முடியாத நிலை ஒரு குடும்பத்துக்கு வந்துவிடலாம். அப்பொழுதும் வழி உண்டு. கருத்தடையும் ஊசியும் செய்து, அதன் குணத்தை ஒளிக்காமல் சொல்லி, வேறொரு வீட்டில் ஒப்படையுங்கள். இடம் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவதை மட்டும் ஒரு வழியென்று எண்ணாதீர்கள். அங்கே இருப்பது வெறும் காடன்று. கிளுவை வேலிக்கு அப்பால் யாரோ ஒரு குடியானவர், மகளின் கல்யாணத்துக்கென்று வளர்க்கும் ஆடுகளை அடைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.